இடுப்பில் வைப்பதற்கு முன்

தம்பி,

நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்து சேர்ந்தன. அவற்றோடு நீ பேசி அனுப்பியதையும் கேட்டேன். "அப்பா, இதில எது திறம்? ஒவ்வொரு நாளும் இடுப்பில வச்சுக்கொண்டு திரியப் போறன். நம்பி வைக்கக்கூடியதா இருக்கவேணும், பாதுகாப்பாயும் இருக்கவேணும். உங்களுக்குத்தானே இதுகள் தெரியும்." பனிக்குப் போட நல்ல சப்பாத்து எது என்று கேட்பதுபோல் கேட்டிருந்தாய். கேட்டுப் பதினொரு நாளாகிவிட்டது. அப்பாவுக்கு வயது போய்விட்டது, தொலைபேசியைப் பார்க்க மறந்துவிட்டார் என்று நினைத்திருப்பாய். நான் மறக்கவில்லை. வாசலில் பனி அள்ளும்போதும், மாதா கோயிலில் பூசைக்கு நிற்கும்போதும் உன்னுடைய மூன்று படங்களும்தான் கண்ணுக்குள் நின்றன. எது திறம் என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதை ஆங்கிலத்தில் எழுதத்தான் முதலில் நினைத்தேன். என் ஆங்கிலம் வேலைத்தள ஆங்கிலம். பிரெஞ்சு அதைவிட மோசம். கதவைத் திற, கதவைச் சாத்து, இங்கே கையெழுத்துப் போடு என்ற அளவில் நின்றுவிட்டது. நான் சொல்ல வந்தது அதற்குள் அடங்காது. நீ தமிழ் நன்றாகக் கதைப்பாய், வாசிக்கத்தான் மாட்டாய். தமிழ் வகுப்புக்கும் ஞானப்பாட வகுப்புக்கும் ஒரே நாளில் கொண்டுபோய் விட்டோம், நீ இரண்டிலும் கடைசி வாங்கில் இருந்து நித்திரை கொண்டாய். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது இந்தக் கடிதத்தை அம்மாதான் உனக்கு வாசித்துக் காட்டவேண்டும். கடித உறையை ஒட்டித்தான் அவளிடம் கொடுக்கப்போகிறேன். உள்ளே இருப்பது அவளுக்கும் தெரியாது. அவளுக்கு நான் இவ்வளவு காலமும் சொல்லாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் இந்த வழியைப் பிடித்திருக்கிறேன். வாசித்த பிறகு இதை எங்கள் கோயில் பங்கில் வேறு தாய் தகப்பனுக்கும் காட்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் காட்டட்டும். எல்லை தாண்டி வேலைக்குப் போன பிள்ளை நீ ஒருவன் மட்டுமில்லை.

உன் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை. ஹூஸ்டனில் நீ வேலை செய்யும் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டுக் காருக்கு நடந்த உன் கூட்டாளியை இரண்டு பேர் மடக்கி, கடைத் திறப்பைப் பறித்து, முகத்தையும் உடைத்தார்கள் என்று மருமகள் டிலானி அம்மாவிடம் சொல்லி அழுதாள். அடுத்த கிழமை அதே திறப்பு உன் கைக்கு வந்திருக்கிறது. கடை வாசலிலிருந்து காருக்குப் போகும் அந்த நாற்பது அடி தூரத்தை நீ எப்படி நடக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நடந்தேன். ஆகவே நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் நீ வாங்காமல் விடப்போவதில்லை. கடைக்காரன் சொல்வதைக் கேட்டு வாங்குவாய். அவனிடம் கேட்பதற்கு என்னிடம் கேட்பது பரவாயில்லை.

முதல் படத்தில் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னன். சட்டைக்குள் தெரியாது என்பதற்காக அதை ஆசைப்படுகிறாய். சின்னத் துப்பாக்கிக்குப் பிடிக்க இடமில்லை, உதைப்பும் அதிகம். இரண்டு நாள் பழகினால் கை நோகும், மூன்றாம் நாள் பழகப் போகமாட்டாய். பழகாதவன் கையில் இருப்பதைவிட அது கடையிலேயே இருக்கலாம். இரண்டாவது படத்தில் இருப்பது வடிவானது. உன் முதல் காரையும் நீ நிறம் பார்த்துத்தான் வாங்கினாய், மூன்றாம் மாதம் இங்கே சம்பிளேன் பாலத்தின் நடுவில் அது பழுதாகி நின்றது. அந்தத் துப்பாக்கியின் விசையை யாரோ இலேசாக்கி விற்கிறார்கள். தொட்டவுடன் வெடிப்பது போட்டிக்குப் போகிறவனுக்குச் சரி, ஒவ்வொரு நாளும் குனிந்து நிமிர்ந்து பிள்ளை தூக்குகிறவனுக்குச் சரிவராது. மூன்றாவது படத்தில் இருப்பது கறுப்பு, ஒரு முகவெட்டும் இல்லாதது, நடுத்தர அளவு. பொலிஸ்காரர் வைத்திருப்பது அந்த மாதிரி. பத்தொன்பது வருடம் என் இடுப்பில் தொங்கியதும் கிட்டத்தட்ட அதுதான். வாங்குவதற்கு முன் கையில் பிடித்துப் பார். பிடியைத் திருகாமல், விரலின் நுனிச்சதை விசையில் படவேண்டும். கீழே விழுந்தாலும் தானாக வெடிக்காத அமைப்பு உள்ளதா என்று கேள். வாங்கினவுடன் இடுப்பில் வைக்காதே. எந்த ரவையைத் துப்பாக்கிக்குள் போட்டுக்கொண்டு திரியப்போகிறாயோ, அதே ரவையைப் பழகும் இடத்தில் சில நூறு தரமாவது சுட்டுப் பார். இடையில் ஒரு தரம் சிக்கினாலும் காரணம் தெரியாமல் அதை நம்பாதே.

துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் அதை வைக்கும் உறையைக் கடைசியில் மலிவாக வாங்குவார்கள். அதுதான் பெரிய பிழை. உறை விறைப்பாக இருக்கவேண்டும், விசையை முழுதாக மூடவேண்டும், நீ துள்ளினாலும் அது விடக்கூடாது. திறப்புக் கிடக்கும் சட்டைப்பைக்குள் துப்பாக்கியை வைக்காதே. டிலானியின் கைப்பையில் வைக்காதே. காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதே. ஒரே இடத்தில்தான் எப்போதும் வை. இன்றைக்கு முன்னுக்கு, நாளைக்குப் பக்கத்தில் என்று மாற்றினால் கை தடுமாறும். திருப்பி உறைக்குள் வைக்கும்போது கண்ணால் பார்த்து மெதுவாக வை. அதற்கு ஒருநாளும் அவசரமில்லை. சட்டை நுனி விசைக்குள் மாட்டித் தன் தொடையைத் தானே சுட்டவனை எனக்குத் தெரியும். வீட்டில் கழற்றினால் நேரே பூட்டுப்பெட்டிக்குள் போகவேண்டும். அலுமாரிக்கு மேல் வைப்பது எல்லாம் ஒளிப்பது ஆகாது. பேத்தி மீராவுக்கு நான்கு வயது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே டிலானி ஒளித்த பிஸ்கட்டைக் கதிரை வைத்து ஏறி எடுத்தவள் அவள்.

ரவையைக் கழற்றும் ஒழுங்கையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நானே பிழை விட்டிருக்கிறேன். முதலில் பிடிக்குள் செருகியிருக்கும் ரவைக்கூட்டை வெளியே எடுக்கவேண்டும். பிறகுதான் மேற்பகுதியை இழுத்து உள்ளே இருக்கும் ரவையை வெளியே தள்ளவேண்டும். பிறகு கண்ணாலும் பார்த்து, விரலாலும் தடவவேண்டும். எங்கள் வேலைத்தளத்தில், கடைகளின் காசை ஏற்றும் பணவண்டி திரும்பி வந்ததும் ஒவ்வொருவரும் இதைச் சுவரில் பதித்த ஒரு குழாய்க்கு முன்னால் நின்று செய்வோம். குழாய் நிறைய மணல் இருக்கும். பிழைத்துப்போனால் ரவை மணலுக்குள் போகட்டும் என்பதற்காக. ஏழாவது வருடத்தில் ஒருநாள் நான் மேற்பகுதியை முதலில் இழுத்துவிட்டுக் கூட்டைப் பிறகு எடுத்தேன். இழுத்தபோது ஒரு ரவை வெளியே விழுந்தது, கூட்டிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிட்டது. வெறும் துப்பாக்கி என்று நினைத்து விசையை அமத்தினேன். குழாய்க்குள் அது வெடித்து, மணல் என் சப்பாத்தெல்லாம் கொட்டியது. என்னோடு வண்டி ஓட்டும் ரெஜான் பக்கத்தில் நின்றார். லொங்குய்யிலிருந்து வருகிற மனுசன், அதிகம் கதைக்கமாட்டார். என் தோளில் கையை வைத்து, "இயந்திரத்தில் பிழை இல்லை, அது நீ சொன்னதைத்தான் செய்தது" என்று பிரெஞ்சில் சொன்னார். நான் மனதில் நினைத்தது அதற்குத் தெரியாதல்லவா. நம்பகமான துப்பாக்கி என்று நீ கேட்கிறாயே, அது அப்படிப்பட்ட சாமான்தான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்பா சம்மதித்துவிட்டார் என்று நினைக்காதே. இனித்தான் நான் எழுத வந்ததை எழுதப்போகிறேன்.

எங்கள் வீட்டில் விளையாட்டுத் துப்பாக்கிகூட இருந்ததில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். உன் ஆறாவது பிறந்தநாளுக்கு யாரோ கொண்டுவந்த தண்ணீர்த் துப்பாக்கியை அம்மா பெட்டியோடு குப்பையில் போட்டாள், நீ இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. காரணத்தை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறோம். மன்னாரில் அவளுடைய அண்ணனை வீட்டு வாசலில் வைத்து, பெயரைக் கேட்டு, ஓம் என்றதும் ஒருவன் சுட்டான். வந்தவனின் கையில் ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்து அம்மா செம்பை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் கையை விட்டு எடுத்தான். இன்றைக்கும் புதிதாக ஒரு ஆள் வீட்டுக்கு வந்தால் அவள், வந்த ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் இடுப்பைத்தான் பார்ப்பாள். கவனித்திருக்கிறாயோ தெரியாது. நீ வாங்கப்போவதும் இடுப்பில் வெளியே தெரியாமல் வைப்பதுதான். அடுத்த முறை அவள் ஹூஸ்டனுக்கு வந்து உன் வீட்டு வாசலில் இறங்கும்போது முதலில் எதைப் பார்ப்பாள் என்று நினைத்துப் பார்.

அப்படிப்பட்டவளிடம் நான் எப்படிச் சொல்வேன். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கி என் முதுகு பழுதான வருடம்தான் இந்தப் பணவண்டி வேலை கிடைத்தது. இந்த நாட்டில் சாதாரண மனிதன் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துத் திரிய முடியாது, பணவண்டிக்காரனுக்கு வேலைநேரத்துக்கு மட்டும் அனுமதி உண்டு. நான் அவளிடம் மரக்கறிக் களஞ்சியத்தில் மேற்பார்வை வேலை என்று சொன்னேன். சாதாரண உடுப்போடு போய் அங்கே சீருடை மாற்றுவேன், கழற்றிவிட்டு வருவேன். நான்கு வருடம் அந்தப் பொய் ஓடியது. உனக்கும் அதே பொய்தான். இந்த வேலை செய்கிறவர்கள் வீட்டில் எல்லாம் முதல் நாளே ஒரு சட்டம் சொல்லிவைப்பார்கள்: சீருடையோடு என்னைக் கண்டால் தெரியாதவர்போல் போய்விடு, கூப்பிடாதே, கிட்ட வராதே. ரெஜானின் பெண்சாதி, டெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடைக்குள் அவரைக் கண்டு, பால் வாங்கிக்கொண்டு பேசாமல் போனதை நானே பார்த்திருக்கிறேன். நான் அந்தச் சட்டத்தை என் வீட்டில் சொல்லவில்லை. வேலையையே சொல்லாதவன் அதன் சட்டத்தை எப்படிச் சொல்வது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, நீ கூட்டாளிகளோடு மோல் கடைத்தொகுதிக்கு வந்திருந்தாய். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டுப் பாகை குளிர். நான் ஒரு கடையிலிருந்து காசுப் பையை எடுத்துக்கொண்டு, பின்பக்க வழியில் மின்தூக்கிக்குக் காத்து நின்றேன். ரெஜான் வண்டிக்குள் இருந்தார். நீ தூரத்தில் என் முதுகைக் கண்டு, தலையின் பின்பக்கத்தைக் கண்டு, அது அப்பாதான் என்று பிடித்துவிட்டாய். குளிர்ச்சட்டை நீளமாக இருந்ததால் பின்னாலிருந்து வேறொன்றும் உனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் நான் வேலையால் வந்து கதிரையில் இருந்தால் செய்வாயே, அதைச் செய்தாய். சத்தமில்லாமல் வந்து இரண்டு கையாலும் என் கண்ணைப் பொத்தினாய்.

அதன் பிறகு நடந்ததை நீ நூறு தரம் சொல்லியிருப்பாய். உன் கலியாண விருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டும் சொன்னாய். அப்பாவின் கை துப்பாக்கிக்குப் போனது, அங்கேயே நின்றது, கண்ணை மூடிக்கொண்டே என் கையை அடையாளம் கண்டுவிட்டார், என்ன மனுசன் பாருங்கோ என்றாய். சனம் கைதட்டியது. அன்றைக்கு மோலில் வெளிறிப்போய் நின்று, "அப்பா, நான் எண்டு தெரிஞ்சதோ?" என்று நீ கேட்டாய். "உன்ர கை எனக்குத் தெரியாமல் போகுமோ, தம்பி?" என்று நான் சொன்னேன். பின்னேரம் சாப்பாட்டு மேசையில் நீ அதை அம்மாவிடம் சொன்னாய். ஒளித்துவைத்த வேலை அப்படித்தான் வெளியில் வந்தது. அவள் என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. நான்காம் நாள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து, "பிள்ளையின்ர கையை உங்களுக்கு மாதா காட்டியிருக்கிறா. அப்பிடியெண்டா போங்கோ. ஆனா எனக்கு அதைப் பற்றி ஒண்டும் கதைக்கவேண்டாம்" என்றாள். அந்தச் சம்மதத்தில்தான் நான் மீதிப் பதினைந்து வருடமும் வேலைக்குப் போனேன். இந்தப் படங்கள் வருவதற்கு முந்தின கிழமை நான், வேண்டாம் தம்பி, கை அவசரப்பட்டுவிடும் என்று தொலைபேசியில் சொன்னபோது நீயும் அதையே எடுத்தாய். "நீங்கள் அண்டைக்கு நிப்பாட்டினீங்கள்தானே அப்பா. பழகினா கை தானா நிக்கும்."

நான் நிறுத்தவில்லை.

எனக்கு உன் கை தெரியவில்லை. கண் இருண்டது, பின்னால் ஒருவன் பிடித்துவிட்டான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உன் பெயரோ முகமோ எதுவும் அந்த நேரத்தில் எனக்குள் இல்லை. இடது கையால் உன் கையைப் பிரித்துக்கொண்டே வலது கையால் இழுத்தேன். அது வரவில்லை. மறுபடியும் இழுத்தேன். எங்கள் உறையில் பெருவிரலால் அமத்தி விடுவிக்கும் ஒரு சின்னக் கொழுக்கி இருந்தது. மெல்லிய தோல் கையுறைதான் போடவேண்டும் என்பது கட்டாய விதி. அன்றைக்குக் குளிர் தாங்காமல் நான் அம்மா பின்னித் தந்த நீலக் கம்பளிக் கையுறையைப் போட்டிருந்தேன். களஞ்சியத்தில் கை விறைக்கும் என்று நம்பிப் பின்னித் தந்தது. அதன் பெருவிரல் நூல் கொழுக்கிக்குள் மாட்டிவிட்டது. இரண்டாவது முறை இழுத்தபோதுதான் நான் முழுதாகத் திரும்பியிருந்தேன், அப்போதுதான் உன் முகத்தைக் கண்டேன். முதல் இழுப்பிலேயே வந்திருந்தால் திரும்பும்போதே சுட்டிருப்பேன். அவ்வளவு கிட்டத்தில் அப்படித்தான் செய்யவேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். நான் அதில் கெட்டிக்காரன், ஒவ்வொரு வருடமும் நல்ல புள்ளி எடுத்தவன்.

இந்த இடத்தில் அம்மா வாசிப்பதை நிறுத்துவாள். அவளை அவசரப்படுத்தாதே. தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு இரு.

அம்மா, இனி வருவது உமக்கு. அன்றைக்குப் பின்னேரம் சாப்பாட்டுக்கு முன், வலது கையுறையில் நூல் இழுபட்டதைக் கண்டு, "எங்க கொழுவிச்சுது?" என்று கேட்டீர். வண்டிக் கதவில் என்று சொன்னேன். நீல நூல் முடிந்துவிட்டது என்று அப்போதே கறுப்பு நூலால் தைத்துத் தந்தீர். நான் அதை மறுபடி போடவில்லை. எங்கள் கீழ்வீட்டு அறை அலுமாரியின் அடித்தட்டில், பழைய சீருடைக்கு அடியில் இருக்கிறது. பார்க்கவேண்டுமென்றால் பாரும். என்னோடு கதைக்கவேண்டாமென்றால் கதைக்கவேண்டாம். இந்த முறை மூன்று நாளோடு முடியாது என்று எனக்குத் தெரியும்.

தம்பி, அதற்கு அடுத்த நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா. விதிப்படி மெல்லிய கையுறை வாங்கினேன். அந்தக் கொழுக்கிக்கு எண்ணெய் விட்டேன். உடுப்பு மாற்றும் அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒருதரமும் சிக்காமல் வரும்வரைக்கும் நூற்றுக்கணக்கான தரம் இழுத்துப் பழகினேன். குறையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன் என்று மனதுக்குள் பெருமையும் பட்டேன். உன்னைக் காப்பாற்றிய ஒரே குறையைத்தான் அன்றைக்குத் திருத்தினேன் என்று விளங்குவதற்கு எனக்கு எத்தனையோ வருடம் எடுத்தது. அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு கள்ளனும் என்னிடம் வரவில்லை. துப்பாக்கியைக் கண்டு வரவில்லையோ, வர இருக்கவில்லையோ, அதை யாரும் சொல்ல முடியாது. நான் அதை ஒருவனுக்கு எதிராக இழுத்தது ஒரேயொரு தரம், அது நீ.

வேலையை விட்டு ஆறு வருடமாகிவிட்டது, இடுப்பு வெறுமையாக இருக்கிறது, என்றாலும் உடம்பு இன்னும் அதை விடவில்லை. வலது முழங்கை இன்றைக்கும் விலாவை விட்டுத் தள்ளித்தான் நிற்கிறது. கோயிலில் கடைசி வாங்கில் சுவரில் முதுகு படத்தான் இருப்பேன். பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் முழுதாகத் திரும்பி அவர் கையைத்தான் முதலில் பார்ப்பேன். இதையெல்லாம் உனக்குச் சொன்னால் நீ மனம் மாறிவிடுவாய் என்ற நம்பிக்கை எனக்கில்லை. வாசலில் துப்பாக்கியைக் கண்ட ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு உலகத்தின் மறுமுனைக்கு வந்தேன். வந்து நானே இடுப்பில் ஒன்றைக் கட்டினேன். அது பெரிய வித்தை என்று ஒரு பொய்யைச் சொல்லி உன்னையும் நம்பவைத்தேன். உனக்குப் பயம் பிடித்தது ஹூஸ்டனில்தான், ஆனால் அதற்கு மருந்து இதுதான் என்ற எண்ணத்தை நான்தான் உனக்குத் தந்தேன். திருத்த முடியாத வயதில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றுதான் இன்றைக்கும் படுகிறது.

நத்தார்த் திருநாளுக்கு நீங்கள் மூன்று பேரும் வந்து நின்றபோது நான் சாய்மனைக் கதிரையில் இருந்தேன். பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் கண்ணைப் பொத்தின. குரலை மாற்றி, "நான் ஆர் சொல்லுங்கோ" என்று கேட்டாள். நீ சொல்லிக்கொடுத்தாயோ, தானாக வந்ததோ தெரியாது. என் முழங்கை துள்ளியது, கை இடுப்புக்குப் போனது. அங்கே சாரம் மட்டும்தான் இருந்தது. அதனால் ஆறுதலாக இருந்து, மீரா என்று சொல்ல எனக்கு நேரம் கிடைத்தது. அவள் சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கும், நீ குசினியில் நின்றாய். உன்னோடும் ஒவ்வொரு பின்னேரமும் இதையேதான் விளையாடுவாள் என்று டிலானி சொன்னாள். நீயோ, "வீட்டிலயும் கழட்டாமல் இருந்தாத்தான் பழகும் எண்டு சொல்லினம் அப்பா" என்று அந்தக் குரல்பதிவின் கடைசியில் சொல்லியிருக்கிறாய்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் என் வீட்டில் செய்யாமல் விட்ட வேலை அது. மீராவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்து. இனிமேல் அப்பாவின் பின்பக்கமாக வரக்கூடாது, கண்ணைப் பொத்தக்கூடாது, அந்த விளையாட்டு முடிந்துவிட்டது என்று சொல்லு. டிலானியைச் சொல்ல விடாதே, நீயே சொல்லு. ஏன் என்று கேட்பாள். அவளுக்கு விளங்குகிற மாதிரிக் காரணத்தைச் சொல்லு. சொல்லி முடித்து, அவள் முகத்தைப் பார்த்த பிறகும் போகத்தான் மனம் வந்தால், மூன்றாவது படத்தில் இருப்பதை வாங்கு. அது ஒருநாளும் சிக்காது.

அப்பா